கதவோரத் தண்ணீர்த் தாங்கிகள்

அண்ணை,

இன்று காலை கூரைக்கு விரிக்கும் புதிய தறப்பாள் கட்டுகள் வந்து இறங்கின. பிளாஸ்டிக் உறையைக் கிழித்ததும் அந்த மணம் எழுந்தது. மண்ணெண்ணெயும் புதுச் செருப்பும் கலந்தது போன்ற மணம். நான் இப்போது இந்த நிவாரணக் கிடங்கின் மேல்மாடியில், திட்டப் பிரிவில் இருக்கிறேன். கீழே இறங்க வேண்டிய அவசியம் இல்லை. ஆனாலும் இந்தப் பருவத்துக்கான மழை முன்னறிவிப்புத் தாளைக் கையில் எடுத்துக்கொண்டு இறங்கிப் போனேன். மணம் மூக்கில் ஏறியதும், மூன்றாம் இலக்க வாசலில் ஃபோர்க்லிஃப்டில் ஒரு காலை வெளியே தொங்கவிட்டபடி நீங்கள் இருப்பது போலவே தோன்றியது.

"தறப்பாள் மணத்துக்கு எனக்குப் பசிக்கும், பிள்ளை" என்று ஒருநாள் சொன்னீர்கள். ஏன் என்று கேட்டேன். "முகாமில தறப்பாள் குடுக்கிற அண்டைக்குத்தான் சோத்துப் பார்சலும் குடுத்தவை" என்று சொல்லிவிட்டுச் சிரித்தீர்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. உங்களோடு கதைக்கும்போது அடிக்கடி அப்படித்தான் நடக்கும். நீங்கள் சிரிப்பீர்கள், நான் கோபத்தோடு நிற்பேன்.

நீங்கள் போய் ஏழு மாதமாகிறது. மார்ச் மாதத்தில் ஒரு காலை, வேலைக்கு வரும் வழியில், ஓல்டன் ரயில் நிலையத்துப் படிகளில் உங்கள் இதயம் நின்றுவிட்டது. நாற்பது வயது. செத்தவீட்டில் எங்கள் சனம் "பாவம், நல்ல உழைப்பாளி" என்றது. உயிரோடு இருந்த காலத்தில் உங்களை "எஃப்காரன்" என்று அழைத்தவர்களும் அந்தக் கூட்டத்தில் கைகட்டி நின்றார்கள். எஃப் அட்டை என்றால் என்ன என்று இங்கே எல்லோருக்கும் தெரியும். உன்னை இப்போதைக்குத் திருப்பி அனுப்பமாட்டோம், ஆனால் இங்கே இரு என்றும் சொல்லவில்லை என்று அரசு எழுதித் தருகிற அட்டை. அதை வைத்துக்கொண்டு பாசலுக்கு அப்பால் எல்லைப் பாலம் கடந்து போய் ஒரு தேத்தண்ணி குடிக்கவும் முடியாது. உங்கள் மகள் தாயோடு திருச்சியில் இருந்தாள். அவளுக்கு மூன்று வயதாக இருந்தபோது விட்டுவிட்டு வந்தீர்கள். அவளைப் பார்க்க வேண்டுமென்றால் உங்களுக்கு வதிவிட உரிமை தருகிற பி அட்டை வேண்டும். உங்களுக்கு இந்த நாட்டிடம் வேறு எந்த ஆசையும் இருந்ததாக எனக்குத் தெரியாது.

நாங்கள் சந்தித்த காலத்தை நினைத்தால் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது உங்கள் சாப்பாட்டுப் பெட்டி. மூடி உடைந்து, பொதி ஒட்டும் பழுப்பு நிற டேப்பால் சுற்றப்பட்டது. உள்ளே புட்டும் முதல்நாள் கறியும். நான் பேர்ன் பல்கலைக்கழகத்தில் புவியியல் படித்துக்கொண்டு, கிழமையில் இரண்டு நாள் கிடங்கில் பெட்டி அடுக்கினேன். இருபத்திரண்டு வயது. உலகத்தில் எனக்குத் தெரியாதது இல்லை என்ற நினைப்பு. கிடங்கில் தமிழ் கதைக்க நாங்கள் இருவர் மட்டுமே. என் சாண்ட்விச்சை நீங்கள் ஒருபோதும் சாப்பாடாக மதிக்கவில்லை. "ரெண்டு பாணுக்கு நடுவில ஒரு இலை. இதுக்கு ஆடு மாடு எவ்வளவோ நல்லாச் சாப்பிடுது" என்பீர்கள். எனக்கு 'புரொபெசர்' என்று பெயர் வைத்ததும் நீங்கள்தான்.

ரயில் பாதைகளுக்கு நடுவே கிடக்கும் இந்தக் கிடங்கில் இருந்து ஒவ்வொரு ஒக்டோபரிலும் ஒரு கொன்டெய்னர் பசிபிக் கடலில் உள்ள ஒரு தீவுக் கூட்டத்துக்குப் போகும். தறப்பாள், மடித்து வைக்கக்கூடிய தண்ணீர்த் தாங்கி, தண்ணீர் சுத்திகரிக்கும் குளிசை, கயிறு. ரயிலில் பாசல், அங்கிருந்து ரைன் நதியில் படகு, பிறகு கப்பல். அந்தத் தீவுகளின் பெயரை நீங்கள் ஒருநாளும் சரியாக உச்சரித்ததில்லை. "எங்கட தீவு" என்றுதான் சொல்வீர்கள்.

"அது உங்கட தீவில்லை, அண்ணை. உங்கட தீவு யாழ்ப்பாணத்துக்குப் பக்கத்தில. இது உலகத்தின்ர மற்றப் பக்கம்."

"குடிக்கத் தண்ணியில்லாத தீவெல்லாம் ஒரே தீவுதான். நீர் வின்டர்தூரில பிறந்த ஆள். பைப்பைத் திறந்தா அல்ப்ஸ் மலையே இறங்கி வரும். உமக்கு விளங்காது."

நான்கு வருடங்களுக்கு முந்தைய ஒக்டோபர் அது. ஓய்வறைச் சுவரில் ஒரு தாள் தொங்கியது. வெப்பமண்டலப் பசிபிக் தீவுகளில் அடுத்த மூன்று மாத மழை எப்படி இருக்கக்கூடும், நவம்பரில் இருந்து ஏப்ரல் வரையான புயல் காலம் எப்படி இருக்கக்கூடும் என்று சொல்லும் தாள். வருடா வருடம் மேலிருந்து யாரோ அச்சடித்துக் கொண்டுவந்து குத்திவிட்டுப் போவார்கள். பக்கத்தில் தொங்கும் உதைபந்தாட்ட அட்டவணையைத்தான் எல்லோரும் வாசிப்பார்கள். நீங்கள் ஒருவர் மட்டும் அந்தத் தாளின் முன்னே புட்டுப் பெட்டியோடு நின்றீர்கள்.

"பிள்ளை, பழுப்பெண்டா என்ன?"

"வழமையை விட மழை குறைவு. பச்சையெண்டா கூட."

"எங்கட தீவு எங்க?"

நான் கடலின் நடுவே விரலை வைத்தேன். அந்த வரைபடத்தில் அந்தத் தீவுகளுக்கு ஒரு புள்ளிகூட இல்லை. கணினி உலகத்தைப் பெரிய சதுரங்களாக வெட்டித்தான் கணக்குப் போடுகிறது, அந்தத் தீவுகள் ஒரு சதுரத்துக்குள் காணாமல் போய்விடும் சிறிய தீவுகள் என்று விளக்கினேன்.

"கடலுக்கு மேல நிறமடிச்சிருக்கினம்" என்றீர்கள். "கடலுக்கு மழை பெஞ்சா என்ன, பெய்யாட்டி என்ன? சனம் இருக்கிற இடத்தைக் காணேல்லையே. சரி, கீழ என்ன எழுதியிருக்கு? வாசியும்."

வாசித்தேன். மழை வழமையை விடக் குறைவாக இருப்பதற்குப் பாதிக்குச் சற்றுக் குறைந்த வாய்ப்பு. வழமை போல இருப்பதற்கு மூன்றில் ஒன்று அளவு. கூடுதலாக இருப்பதற்கு மிச்சம் இருக்கிற கொஞ்சம்.

"அரைவாசி கூட இல்லை, அண்ணை. ஒண்டும் நடக்காது. மேல இருக்கிற ஆக்களும் அப்பிடித்தான் முடிவெடுத்திருக்கினம். வழமையான ஒழுங்கிலயே அனுப்பட்டாம்."

என் பையில் இருந்த பாணை எடுத்து, பெட்டி வெட்டும் கத்தியால் மூன்று துண்டாக வெட்டினீர்கள். ஒன்று பெரிது, ஒன்று நடுத்தரம், ஒன்று சின்னது.

"இதில பெரிசு எது?"

"இது."

"இது பாணில அரைவாசி இருக்கோ?"

"இல்லை."

"அரைவாசி இல்லையெண்டதுக்காக இது பெரிசில்லை எண்டு ஆகுமோ? ஊரில தண்ணிப் பவுசர் லொறி வந்தா மூண்டு தெருவுக்கும் சமன் பங்கு. ஒரு தெருவுக்கு இந்தளவு போனா அங்க வெட்டுக்குத்து நடந்திருக்கும். 'அரைவாசி இல்லை, பிரச்சினையில்லை' எண்டு நீர் வந்து சொல்லிப் பாரும், வாளியாலதான் விழும்!"

என் முகம் சூடாகியது. ஏனென்றால் இது நான் படித்த பாடம். ஒன்றுமே தெரியாத நிலையில் மூன்று பங்கும் சமம். ஒரு பங்கு இந்தளவுக்கு வீங்கினால் கடல் ஏதோ சொல்கிறது என்று அர்த்தம். பரீட்சையில் இதைச் சரியாக எழுதி நல்ல புள்ளி வாங்கியிருந்தேன். ஆனால் தாளில் பாதிக்குக் குறைந்த ஒரு எண்ணைக் கண்டதும் கை தானாக அதை ஒதுக்கிவைத்தது. மேலே இருந்தவர்களும் பட்டம் வாங்கியவர்கள்தான். படித்தவர்களுக்கு மட்டும் வருகிற பிழை அது. தாகம் எடுக்காத ஊரில் இருந்து வாசிப்பவர்களுக்கு வருகிற பிழை என்று இன்னும் சரியாகச் சொல்லலாம்.

பெரிய துண்டை என்னிடம் நீட்டினீர்கள். "சாப்பிடும், புரொபெசர்."

பிறகு புயல் பகுதியையும் வாசித்தோம். புயல்களின் எண்ணிக்கை வழமை போல, அதிலும் பெரும்பாலானவை வருடம் பிறந்த பிறகு, எங்கள் தீவுகளுக்குக் கிழக்கே. ஆக, முதலில் வரக்கூடியது வறட்சி. புயல் வந்தால் அதற்குப் பிறகு. நீங்கள் உடனே கேட்ட கேள்வி, மேலே ஒருவருக்கும் வராத கேள்வி: "கதவோரம் என்ன இருக்கு?"

கொன்டெய்னர் அடுக்குபவர்களுக்கு அது தெரியும். கடைசியாக ஏற்றியது கதவோரம் இருக்கும், அதுதான் முதலில் இறங்கும். அந்தத் தீவுத் துறையில் பாரந்தூக்கி இல்லை. ஆட்கள் கையால் இறக்குவார்கள். முதற்பயணத்துச் சின்னப் படகில் கதவோரம் இருப்பதுதான் வெளித்தீவுகளுக்குப் போகும். உள்ளே இருப்பது அடுத்த படகுக்குக் கிழமைக்கணக்கில் காத்துக் கிடக்கும். எங்கள் நிலையான பட்டியல்படி கதவோரம் தறப்பாள். தண்ணீர்த் தாங்கிகள் அடியில். பசிபிக் என்றால் புயல் என்று படம் பார்த்தவர்கள் போட்ட பட்டியல்.

"மாத்துவமோ?" என்று கேட்டவள் நான். முன்னறிவிப்புத் தாளின் ஒரு பிரதியைத் திருப்பி, அதன் பின்புறத்தில் புதிய ஒழுங்கைப் பேனையால் வரைந்தவளும் நான். தாங்கிகள் கதவோரம், குளிசை அதற்குப் பக்கத்தில், தறப்பாள் உள்ளே. பொறுப்பாளரிடம் கேட்போம் என்றேன். அன்று அவர் விடுமுறை. மேலே கேட்டால் திங்கட்கிழமை ஆகும், ரயில் வெள்ளிக்கிழமை. நீங்கள் கொஞ்ச நேரம் கையைப் பிசைந்தீர்கள். உங்கள் பி அட்டை விண்ணப்பம் அந்த மாதம்தான் மாநில அரசான கன்டோனுக்குப் போகவிருந்தது. வேலைத்தலத்தின் கடிதம் ஒன்று அதோடு போக வேண்டும். எனக்கும் அது தெரியும். தெரிந்தும் நான் நிறுத்தவில்லை.

"ஒருக்கா எட்டு நாள் கடல் அடிச்சுத் தண்ணிப் படகு வரேல்லை" என்றீர்கள், ஃபோர்க்லிஃப்டில் ஏறியபடி. "நான் அப்ப சின்னப் பெடியன். கோழிக்கு வைச்ச தண்ணியைக் களவெடுத்துக் குடிச்சனான். கோழி என்னைப் பாத்த பார்வை இண்டைக்கும் நினைவிருக்கு. வாரும், ஏத்துவம்."

அந்தப் பின்னேரம் நாங்கள் வேலை செய்தது போல நான் பிறகு ஒருநாளும் வேலை செய்ததில்லை. நான் கைகாட்ட, நீங்கள் பெட்டி அடுக்கிய மரத்தட்டுகளைத் தூக்கி ஒரு விரல் இடைவெளியில் நிறுத்தினீர்கள். ஒரு தட்டைக்கூட இரண்டாம் தரம் அசைக்கவில்லை. வேலை நடுவே பாடினீர்கள், சுருதி இல்லாமல். போர்த்துக்கல்காரர் ஒருவர் காதைப் பொத்திக்கொண்டு போனார். கதவு பூட்டுவதற்கு முன்னால் விதிப்படி ஒரு படம் எடுக்க வேண்டும். எடுத்தேன். தாங்கிகளின் முன்னால் நீங்கள் இடுப்பில் கை வைத்து, கலியாணவீட்டு மாப்பிள்ளை போல நின்றீர்கள்.

கொன்டெய்னர் வெள்ளிக்கிழமை போய்விட்டது. படம் திங்கட்கிழமை பொறுப்பாளரின் மேசைக்குப் போனது.

பொறுப்பாளரை நீங்கள் 'மீசை' என்பீர்கள். கெட்ட மனிதர் இல்லை. நத்தார் பண்டிகைக்கு எல்லோருக்கும் சொக்கலேட் தருபவர். அன்று காலை எங்கள் இருவரையும் வாசலடிக்குக் கூப்பிட்டார். கையில் அந்தப் படம். "இந்த ஒழுங்கை மாற்றச் சொன்னது யார்?" என்று கேட்டார்.

நான் வரைந்த தாள் உங்கள் மேலங்கிப் பையில் இருந்தது. அதன் மூலை வெளியே தெரிந்தது. நீங்கள் அதன்மேல் கையை வைத்து உள்ளே தள்ளினீர்கள். "நான்தான். என் தலையில் வந்தது" என்று உங்கள் உடைந்த ஜெர்மனில் சொன்னீர்கள்.

நான் வாய் திறக்கவில்லை.

பயந்தேன் என்று சொன்னால் அது பொய், அண்ணை. பயப்படுவதற்கு என்னிடம் என்ன இருந்தது? கிழமையில் இரண்டு நாள் வேலை, சட்டைப்பையில் இந்த நாட்டின் சிவப்புக் கடவுச்சீட்டு. என்னை எவரும் எங்கேயும் அனுப்ப முடியாது. அது பழக்கம். அகதிகளின் பிள்ளைகளுக்குப் பாலோடு ஊட்டுகிற பழக்கம். வாயை மூடிக்கொண்டு நின்றால் நல்ல பிள்ளை. பள்ளியில் நல்ல பிள்ளை, கோயிலில் நல்ல பிள்ளை, வேலையில் நல்ல பிள்ளை. அன்று நான் மிகவும் நல்ல பிள்ளையாக நின்றேன்.

உங்களுக்கு எழுத்துமூல எச்சரிக்கை கிடைத்தது. மதியம் ஓய்வறையில் கேட்டேன்.

"ஏன் அண்ணை என்ர பேரைச் சொல்லேல்லை?"

"உமக்கேன் வீண் சோலி? ஒரு கடுதாசிதானே. சுவருக்கு ஒட்டலாம்."

மீசை புதிய ஒரு விதியும் கொண்டுவந்தார். ஒவ்வொரு கொன்டெய்னர் படிவத்தின் கடைசியிலும் ஒரு கட்டம். 'ஒழுங்கு மாற்றம்: பெயர், காரணம், கையொப்பம்.' உங்களுக்காக அடித்த கட்டம் அது. ஒருவரும் அதில் எழுதவில்லை. எழுதினால் என்ன நடக்கும் என்று எல்லோரும் பார்த்துவிட்டார்களே.

ஜனவரியில் தீவில் இருந்து அறிக்கை வந்தது. மழை பெய்திருந்தது. வழமை போல, நன்றாகவே. மீசை அதை ஓய்வறைக்குக் கொண்டுவந்து எல்லோர் முன்னாலும் வாசித்தார். "பார், உன் வறட்சியை" என்று உங்கள் தோளில் தட்டினார். எனக்கு எழும்பிக் கத்த வேண்டும் போல இருந்தது. மூன்றில் பெரிய பங்கு வறட்சி என்றால் மற்ற இரண்டும் பொய் என்று யார் சொன்னது? நடுத்தரத் துண்டு வந்திருக்கிறது, அவ்வளவுதான். நீங்கள் அமைதியாக ஒரு கேள்வி கேட்டீர்கள்.

"தாங்கி நிறைஞ்சுதோ எண்டு கேளும், பிள்ளை."

நான் மொழிபெயர்த்தேன். மீசை தாளைப் பார்த்தார். ஓம், முதற்படகிலேயே போய், மழைக்கு முன்னால் கட்டியதால் எல்லாம் நிறைந்திருந்தன.

"பிறகென்ன?" என்று சொல்லிவிட்டுப் புட்டைச் சாப்பிடத் தொடங்கினீர்கள்.

அந்த வசந்தத்தில் கன்டோனின் பதில் வந்தது. கடிதத்தைப் பிரிக்காமலே என்னிடம் கொண்டுவந்தீர்கள். நிலையத்துக்கு எதிரே ஆரே ஆற்றங்கரை வாங்குப் பலகையில் இருந்தபடி வாசித்தேன். மறுப்பு. மொழி போதும், வேலை உண்டு, குற்றம் எதுவும் இல்லை. ஆனால் வேலைத்தலத்தில் எழுத்துமூல எச்சரிக்கை பெற்றிருப்பதால் ஒருங்கிணைவு இன்னும் உறுதிப்படவில்லை, இரண்டு வருடம் கழித்துத் திரும்ப விண்ணப்பிக்கலாம்.

"கொன்டெய்னரோ?" என்று கேட்டீர்கள்.

"ஓம்."

ஆற்றைப் பார்த்துக்கொண்டு இருந்தீர்கள். இரண்டு ரயில் போனது.

"மகளுக்கு என்ன சொல்லப் போறியள்?"

"பிளேன் பிந்திப்போச்சுதெண்டு."

அப்போதாவது மீசையிடம் போய்ச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. பட்டம், பரீட்சை, அறை மாற்றம் என்று எனக்கு நானே சாட்டுகள் சொன்னேன். நீங்கள் ஒரு வார்த்தை கேட்டதில்லை. வழமை போலப் பாடினீர்கள், என் சாண்ட்விச்சைப் பழித்தீர்கள், ஒக்டோபரில் தாள் வந்ததும் "எங்கட தீவு என்ன நிறம்?" என்று கேட்டீர்கள். அந்த இரண்டு வருடமும் எனக்கு இனிமையான வருடங்களாகவே நினைவில் இருக்கின்றன. அதுதான் எனக்கு வெட்கம்.

மறுபடி விண்ணப்பிக்கும் காலம் வந்தது. நீங்கள் மீசையிடம் கடிதம் கேட்கப் போவதாகச் சொன்ன அன்று, உங்களுக்கு முன்னால் நான் போனேன். அந்தத் திட்டம் என்னுடையது, வரைந்தது நான், நீங்கள் ஏற்றியது மட்டுமே என்றேன். வேலையை விட்டு நிறுத்துவார் என்று நினைத்தேன். அப்படி நடக்க வேண்டும் என்று விரும்பினேன் என்றே சொல்ல வேண்டும்.

மீசை கண்ணாடியைக் கழற்றினார். "நீயா? அப்போதே சொல்லியிருக்கலாமே" என்றார். எனக்கொரு கோப்பி ஊற்றினார். ஏன் அப்படி மாற்றினேன் என்று கேட்டார். மூன்று பங்கை விளக்கினேன், அவருடைய மேசையில் இருந்த பாணை வெட்டி. உன்னிப்பாகக் கேட்டார். பிறகு சொன்னார்: "மேலே திட்டப் பிரிவில் ஒரு இடம் காலியாகிறது. உன்னைப் போல யோசிக்கிற ஆள்தான் எங்களுக்கு வேண்டும்."

அதே கொன்டெய்னர், அண்ணை. அதே தாங்கிகள். உங்களுக்கு எச்சரிக்கை, எனக்குப் பதவி. இந்த நாட்டின் நீதியைப் பற்றி எனக்கு இனி எவரும் பாடம் எடுக்கத் தேவையில்லை. விருப்பமானவர்கள் அதை ஒழுங்கு என்று சொல்லிக்கொள்ளட்டும்.

எச்சரிக்கையை எடுத்துவிட்டு நல்ல கடிதம் எழுதித் தந்தார், அதை மறைக்கக்கூடாது. நான் மூன்றாம் வாசலுக்கு வந்து எல்லாவற்றையும் உங்களுக்குச் சொன்னேன். அழுதேனோ தெரியாது, மூக்கு ஓடியது. நீங்கள் ஃபோர்க்லிஃப்டை நிறுத்திவிட்டுச் சிரித்த சிரிப்பில் போர்த்துக்கல்காரர் எட்டிப் பார்த்தார்.

"அடி விசர்ப் பிள்ளை! அப்பவே சொல்லியிருந்தா அப்பவே உமக்கு வேலை கிடைச்சிருக்குமே. ரெண்டு வருசத்தை அநியாயமாக்கிப் போட்டீரே!"

உங்கள் இரண்டு வருடத்தைப் பற்றி ஒரு சொல் இல்லை.

போன வருட இலையுதிர்காலத்தில் பி அட்டை வந்தது. டிசம்பரில் மூன்று கிழமை திருச்சி போனீர்கள். திரும்பி வந்து, ஓய்வறையில், புட்டுப் பெட்டியைத் திறக்காமலே கதை சொன்னீர்கள். மகள் விமான நிலையத்தில் உங்களை "வாங்க" என்று விருந்தாளியைக் கூப்பிடுவது போலக் கூப்பிட்டாளாம். மூன்றாம் நாள்தான் பக்கத்தில் வந்து இருந்தாளாம். உங்கள் தோளளவு வளர்ந்துவிட்டாளாம்.

"என்னப்பா வேலை பாக்குறீங்க அங்க எண்டு கேட்டாள். மழை வருமோ எண்டு பாத்துப் பெட்டி அடுக்கிறன் எண்டன். 'அத இங்கயே இருந்து பாக்கலாமே, இங்கயும்தான் மழை வரல' எண்டாள். என்னட்ட மறுமொழி இல்லை, பிள்ளை. உம்மட்ட இருக்கோ?"

பத்து வயதில் பார்த்திருக்க வேண்டிய பிள்ளையைப் பன்னிரண்டு வயதில் பார்த்தீர்கள். நடுவில் போன காலம் என் வாயில் இருந்தது. கோடை விடுமுறைக்கு மறுபடி போவதாக இருந்தீர்கள்.

மார்ச் மாதத்துக்குப் பிறகு கிடங்கில் இருந்த உங்கள் அலுமாரியைத் திறக்க மீசை என்னைக் கூப்பிட்டார். கையுறை இரண்டு சோடி, டேப் சுற்றிய சாப்பாட்டுப் பெட்டி, மகளின் பள்ளிக்கூடப் படம். படத்தின் பின்னால் நான்காக மடித்த ஒரு தாள். ஒரு பக்கத்தில் பழுப்பும் பச்சையுமாகப் பசிபிக் கடல். மறுபக்கத்தில் என் கையெழுத்தில் 'தாங்கி – கதவோரம்'. மூன்றரை வருடமாக அது அங்கே இருந்திருக்கிறது. அதை ஒருநாள் எடுத்து மேசையில் வைத்திருந்தால் போதும், உங்கள் எச்சரிக்கை என் பெயருக்கு மாறியிருக்கும். நீங்கள் அதை மகளின் படத்துக்குப் பின்னால் வைத்திருந்தீர்கள். மீசை என்னவென்று கேட்டார். கொடுத்தேன். அவர் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, அதே மடிப்பில் மடித்துத் திருப்பித் தந்தார்.

பெட்டியையும் படத்தையும் திருச்சிக்கு அனுப்பினேன். தாளை வைத்துக்கொண்டேன். அவள் என்றாவது கேட்டால், தகப்பன் ஏன் பிந்தி வந்தார் என்று நானே சொல்ல வேண்டும். அதற்கு இந்தத் தாள் வேண்டும்.

போன வருடம் முன்னறிவிப்பில் மூன்று பங்கும் சமமாக இருந்தன. மாற்ற ஒன்றும் இல்லை. இந்த வருடம் எங்கள் தீவு மறுபடி பழுப்பு. பங்கு பாதிக்குச் சற்றுக் குறைவு. காலைக் கூட்டத்தில், என்னைவிட இளைய ஒருவன், நல்ல பல்கலைக்கழகத்தில் படித்தவன், தாளை ஒரு பார்வை பார்த்துவிட்டு "பாதிகூட இல்லை, வழமை போல அனுப்பலாம்" என்றான். நான் எழும்பிப் போய், காலைச் சாப்பாட்டுத் தட்டில் இருந்த பாணை எடுத்து வந்தேன். கத்தி எடுத்தேன். மற்றவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

மழை பெய்யலாம். அப்போது இன்னொருவர் அறிக்கையைக் கொண்டுவந்து என் தோளில் தட்டலாம். தாங்கி நிறைந்ததா என்று மட்டும் கேட்பேன்.

பின்னேரம் கீழே இறங்கி, தாங்கிகளைக் கடைசியாக ஏற்றும்வரை நின்று பார்த்தேன். புதிய ஃபோர்க்லிஃப்ட்காரர் எரித்திரியாவில் இருந்து வந்தவர். அவரிடமும் எஃப் அட்டைதான். நிலையான பட்டியலையும் நான் மாற்றியதையும் மாறி மாறிப் பார்த்தார். "பிரச்சினை வராதா?" என்று கேட்டார். படிவத்தை வாங்கி, ஃபோர்க்லிஃப்டின் இருக்கையில் வைத்து, அவருக்குத் தெரியும்படி கடைசிக் கட்டத்தை நிரப்பினேன். காரணம்: பெரிய பங்கு வறட்சி. அதற்குமேல், நான்கு வருடமாக வெறுமையாகக் கிடந்த வரியில், என் முழுப்பெயர்.